பக்கவாசல் வழியே ஆறு நாள்: எபிஸ்கோப்பல் சபைகளில் ஒரு குளிர்காலப் பயணம்

முதல் நாள் – பிப்ரவரி 9, 2024, வெள்ளி. நியூயார்க்

அமெரிக்காவில் ஒரு எபிஸ்கோப்பல் சபை ஊருக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? முன்வாசலில் நிற்காதீர்கள். அந்தப் பெரிய மரக்கதவு பல ஆலயங்களில் ஞாயிறு மட்டும்தான் திறக்கும். சுற்றிப் பக்கவாட்டில் போனால் ஒரு சாதாரணக் கதவு, ஓர் அழைப்புமணி, கண்ணாடியில் ஒட்டிய நேர அட்டவணை. சபை மண்டபத்துக்குப் போகும் வழி அது. பசியோடு வருகிறவர், வாடகை கட்ட முடியாதவர், கம்பளிக் கோட்டு தேடி வருகிறவர் எல்லாரும் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

எபிஸ்கோப்பல் திருச்சபை அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் திருச்சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்தது. விடுதலைப் போருக்குப் பின் இங்கிலாந்து அரசரைத் தலைவராக ஏற்க முடியாமல் தனியே நின்று, 1789இல் தனக்கென விதிகளும் ஜெபப் புத்தகமும் வகுத்துக்கொண்டது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள ஆராதனை அந்நியமாக இருக்காது.

வால் ஸ்ட்ரீட்டின் தலைமாட்டில் நிற்கும் டிரினிட்டி ஆலயம் 1697இல் அரசப் பட்டயம் பெற்றது. 1705இல் ஆன் அரசி கொடுத்த 215 ஏக்கர் நிலத்தின் மிச்சம்தான் இன்றைக்கும் அதன் செல்வம். சில நிமிட நடையில் 1766இல் கட்டிய செயின்ட் பால்ஸ் சிற்றாலயம். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு மாதக்கணக்கில் மீட்புப் பணியாளர்கள் சாப்பிட்டதும் தூங்கியதும் இந்த ஆலயத்துக்குள்தான். ஆனால் டிரினிட்டியை வைத்து மற்ற சபைகளை எடைபோடக் கூடாது. நாட்டிலுள்ள எபிஸ்கோப்பல் சபைகளில் பாதிக்கு மேல் ஞாயிறு வருகை ஐம்பதைத் தாண்டாதவை. அந்தச் சின்னச் சபைகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதே இந்தப் பயணத்தின் கேள்வி.

மதியம் செல்சி பகுதியில் 9ஆம் அவென்யூவும் 28ஆம் தெருவும் சந்திக்கும் முனை. ஹோலி அப்போஸ்தல்ஸ் ஆலயத்தின் சூப் கிச்சன் 1982 அக்டோபரில் சில டஜன் பேருக்குச் சாப்பாடு போட்டுத் தொடங்கியது. பின்னாளில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வரை வளர்ந்தது. 1990இல் ஆலயம் தீப்பிடித்துக் கூரை போயிற்று. திரும்பக் கட்டியபோது நீண்ட மரப் பெஞ்சுகளை மீண்டும் பொருத்தவில்லை. எடுத்து அடுக்கக்கூடிய நாற்காலிகள் வந்தன. வார நாளில் சாப்பாட்டு மேசை, ஞாயிறன்று ஆராதனை, இரண்டும் ஒரே தரையில். நம்மூர்ச் சபைகளில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பந்தியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். வித்தியாசம், அசனம் ஆண்டுக்கு ஒருமுறை. இது திங்கள் முதல் வெள்ளி வரை.

ஆயிரம் பேருக்குப் பரிமாறும் இடத்தில் முதலில் கவனிக்க வேண்டியது கரண்டி. எட்டாம் எண் கரண்டி என்றால் அரைக் கப். ஆயிரம் பேருக்கு 500 கப் சோறு போதும். அவசரத்தில் யாராவது முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவான ஆறாம் எண் கரண்டியை எடுத்துவிட்டால் அதே சோறு 750 பேரோடு தீர்ந்துவிடும். கடைசி 250 பேர் வெறும் தட்டோடு நிற்பார்கள். நியூயார்க்கில் சூடான உணவு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 60 டிகிரி செல்சியஸுக்கு, கீழே இறங்கக் கூடாது என்பது சுகாதார விதி. ஆவித்தட்டில் தண்ணீர் வற்றியதைப் பார்க்காமல் விட்டால் அரை மணியில் கீழே போய்விடும். அதனால் பெரிய சமையற்கூடங்களில் தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளை நிறுத்துவார்கள்.

இரண்டாம் நாள் – பிப்ரவரி 10, சனி. நியூ ஜெர்சி

ரயிலில் ஒரு மணி நேரம். ஊர் சின்னது, சபையும் சின்னது. ஆனால் சனிக்கிழமை காலையில் இங்கே நடக்கும் உணவுப் பண்டகம், பேன்ட்ரி என்று எல்லாரும் சொல்வது, ஞாயிறு ஆராதனையைவிடக் கூட்டமானது.

பொருள்கள் வருவது வட்டார உணவு வங்கியிலிருந்து. அதோடு சபையார் கொண்டுவருவதும், பக்கத்து மளிகைக் கடை கொடுப்பதும். நல்லெண்ணத்தில் கொடுத்த உணவால் தீங்கு நேர்ந்தால் கொடுத்தவர்மீது வழக்கு வராதபடி 1996இலேயே கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. இதைத் தெரியாத கடைக்காரர்கள் இன்னும் பயந்து ரொட்டியைக் குப்பையில் போடுகிறார்கள். பண்டகம் நடத்துகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அந்தச் சட்டத்தை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கடை மேலாளர் கையில் கொடுப்பது.

வரிசை விஷயம் நுட்பமானது. ஒன்பது மணிக்குத் திறக்கும் இடத்துக்கு ஆறரைக்கே ஆள் வந்து பனியில் நிற்பார்கள். நல்ல பொருள் தீர்ந்துவிடுமோ என்ற பயம். கதவை முன்னதாகத் திறந்தால் அடுத்த வாரம் ஐந்தரைக்கு வருவார்கள். நன்றாக நடக்கும் பண்டகங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. எட்டே முக்காலுக்கு வந்திருக்கும் எல்லாருக்கும் ஒரு டப்பாவிலிருந்து எண் சீட்டு எடுக்கச் சொல்வது. விழுந்த எண்ணே வரிசை. முன்னால் வருவதால் ஆதாயம் இல்லை என்று தெரிந்ததும் இரண்டே வாரத்தில் எல்லாரும் எட்டரைக்கு மேல்தான் வருவார்கள். சீட்டு எடுத்தவர்கள் நிற்க வேண்டாம், மண்டபத்தில் காபியோடு உட்காரலாம்.

அரசு கொடுக்கும் பொருள்களும் சேர்ந்து வருவதால் சில விதிகள் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் வீட்டு வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு கையெழுத்துப் போதும். சம்பளச் சீட்டு காட்ட வேண்டியதில்லை. பாகுபாடு கூடாது என்ற வேளாண்துறைச் சுவரொட்டி கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். பொருள் வாங்க வருகிறவரை ஜெபத்தில் கலந்துகொள்ளச் சொல்லி நிபந்தனை போடவே கூடாது. ஆர்வத்தில் சில தன்னார்வலர்கள் வாசலிலேயே ஜெபிக்கத் தொடங்கி, சபைக்கு வரும் பொருளையே ஆபத்தில் மாட்டிவிடுவதுண்டு. ஜெபம் வேண்டும் என்று கேட்பவருக்குத் தனியாக ஒரு மூலையில் நாற்காலி போட்டிருப்பது சரியான ஏற்பாடு.

முன்பெல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பை கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பையில் உள்ளதைப் பாதிப் பேர் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரைப் பாகில் ஊறிய பழ டின், அடுப்பில்லாத விடுதி அறையில் இருப்பவருக்குப் பாஸ்தா, டின் திறக்கும் கருவியே இல்லாதவருக்கு ஆறு டின். இப்போது கடைபோல அலமாரியில் அடுக்கி, வருகிறவரே எடுத்துக்கொள்ளும் முறை பரவியிருக்கிறது. வீட்டில் இருவர் என்றால் புரதத் தட்டில் இரண்டு, ஐவர் என்றால் நான்கு என்று அலமாரியிலேயே எழுதி ஒட்டிவிடுவார்கள். பை கட்ட ஆள் தேவைப்படாது, கூடவே நடந்து எடுத்துத் தர ஆள் வேண்டும். நேரமும் சற்று அதிகம் பிடிக்கும். வீணாவது வெகுவாகக் குறையும்.

சேமிப்பறையில் பார்க்க வேண்டியவை இவை. எல்லாப் பெட்டியும் தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயரத்தில். பழையது முன்னால், புதியது பின்னால். குளிர்பெட்டி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், உறைபெட்டி பூஜ்யத்தில். காலையும் மாலையும் வெப்பநிலையை எழுதி வைக்கும் தாள் ஒன்று. மின்சாரம் போனால் திறக்காத குளிர்பெட்டி நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி, பாதி நிரம்பியது 24 மணி. அதனால் காலியிடத்தில் தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்து அடைத்துவிடுவது நல்லது. டின்னின் நடுவில் ஒடுக்கு விழுந்தால் பரவாயில்லை. விளிம்புத் தையலில் விழுந்திருந்தாலோ உப்பியிருந்தாலோ தூக்கிப்போட வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்ட தேதி பெரும்பாலும் சுவையைப் பற்றியது. தேதி தாண்டினால் கொடுக்கவே கூடாதது குழந்தைகளின் பால்மாவு.

எது தவறுகிறது என்று கேட்டால் முதலில் வருவது கட்டடம். பண்டகத்தை நிலவறையில் வைத்துவிடுவார்கள். லாரி பெட்டிபெட்டியாக இறக்கிவிட்டுப் போகும். அத்தனை டின்னையும் படியில் இறக்குவது எழுபது வயதைக் கடந்த தன்னார்வலர்கள். பிள்ளைகள் குறைந்து காலியாகிவிட்ட ஞாயிறு பள்ளி அறை தரைத்தளத்தில் இருந்தால் கனமானதையெல்லாம் அங்கே மாற்றிவிட வேண்டும். அந்த அறையை விட்டுக்கொடுக்கச் சபைக் கமிட்டிக்கு மனசு வருவதுதான் கஷ்டம். வெஸ்ட்ரி என்று பெயர் கொண்ட அந்தக் கமிட்டியில் இதற்காகவே ஒரு முழு மாலை பேச்சு நடக்கும்.

இன்னொன்று டயப்பர். ஸ்நாப் என்னும் அரசு உணவு அட்டையில் சோப்பு, கழிப்பறைக் காகிதம், மாதவிடாய்ப் பஞ்சு, டயப்பர் எதுவும் வாங்க முடியாது. ஆகவே இவற்றைத் தேடித்தான் பலர் வருகிறார்கள். ஆனால் கொடுப்பவர்கள் பச்சைக் குழந்தையை நினைத்துக்கொண்டு மிகச் சின்ன அளவையே வாங்கிவருவார்கள். அலமாரியில் பிறந்த குழந்தை அளவு கூரைவரை நிற்க, ஐந்தாம், ஆறாம் அளவுகளின் தட்டு பத்தரை மணிக்கே காலியாகியிருந்தது. பச்சைக் குழந்தைக்கு அந்த அளவு சில வாரம்தான். நடக்கிற குழந்தைக்குப் பெரிய அளவு ஓர் ஆண்டுக்கு மேல் வேண்டும்.

மூன்றாம் நாள் – பிப்ரவரி 11, ஞாயிறு. அதே ஊர்

இன்று நாடு முழுக்க அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் போல். ஆலய வாசலில் இரண்டு பிள்ளைகள் பெரிய சூப் பானையோடு நிற்கிறார்கள். 1990இல் சவுத் கரோலைனாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையின் வாலிபர்கள் தொடங்கிய வழக்கம் இது. ஆட்டத்தின் பெயரையே சூப்போடு சேர்த்து உச்சரித்து, பசித்தவர்களுக்காகப் பானையில் காசு வாங்குவார்கள். பிற திருச்சபைகளுக்கும் பரவிவிட்டது. சேர்ந்ததைத் தலைமைக்கு அனுப்புவதில்லை, ஊரிலேயே எந்த இடத்துக்கென்று பிள்ளைகளே முடிவுசெய்வார்கள்.

ஆராதனையில் காணிக்கைத் தட்டு வரும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு தருவதாகப் பொருத்தனை செய்தவர்கள் உறையில் போடுகிறார்கள். உறையில்லாமல் விழும் தாளும் சில்லறையும் தனிக் கணக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்தில் அப்படி விழுவதைக் குருவானவர் கையில் ஏழைகளுக்கென ஒப்படைக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. இதிலிருந்து உருவாவதுதான் குருவானவரின் விருப்பநிதி. பெயர்தான் விருப்பம், நடைமுறையில் கட்டுப்பாடு அதிகம். கணக்கு சபையின் பெயரிலும் சபையின் வரி எண்ணிலும் இருக்க வேண்டும், குருவானவரின் சொந்தப் பெயரில் கூடாது. ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஆனாலும் உதவி பெற்றவரின் முழுப்பெயர் வெளியே தெரியக்கூடாது. காசோலைக் குறிப்பில் முதலெழுத்துகளும் காரணமும் மட்டும் எழுதுவார்கள். கையில் ரொக்கம் கொடுப்பதில்லை. வாடகை என்றால் வீட்டுக்காரருக்கு, மின்கட்டணம் என்றால் நிறுவனத்துக்கு, பசி என்றால் மளிகைக் கடையின் 25 டாலர் அட்டை.

வாடகை பாக்கி கட்ட உதவி கேட்டு ஒருவர் வரும்போது அனுபவமுள்ள குருவானவர் முதலில் வீட்டுக்காரருக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்பார்: “எவ்வளவு கட்டினால் காலிசெய்யும் வழக்கை நிறுத்துவீர்கள்?” பாக்கி 2,400 டாலர், நிதியில் இருப்பது 300 என்றால், அந்த 300ஐ மட்டும் கொடுப்பது குடும்பத்தைக் காப்பாற்றாது. மெத்தடிஸ்ட், கத்தோலிக்க, லுத்தரன் சபைகளுக்கும் போன் செய்து தொகையைத் திரட்டி, எல்லாம் சேர்ந்த பிறகே காசோலை எழுதுவார்கள். நியூ ஜெர்சியில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை தகுதியுள்ள வீடுகளுக்கு மின்சாரத்தையும் எரிவாயுவையும் துண்டிக்கக் கூடாது. அதனால் அந்த நிதியைக் கிறிஸ்துமஸிலேயே செலவழித்துவிடும் சபை மார்ச் 16ஆம் தேதி கையை விரிக்க நேரும். குளிர்காலத்தில் மனமிளகிக் கொடுப்பதைவிட, மார்ச்சுக்கு எடுத்துவைப்பது பெரிய கரிசனை என்று உறுதியாகச் சொல்லலாம்.

காபி நேரத்தில் மேசையோரம் ஒரு நீல அட்டைப் பெட்டி. நன்றி சொல்லத் தோன்றும்போதெல்லாம் வீட்டில் அதில் ஒரு காசு போடுவார்கள். பெண்கள் 1889இல் தொடங்கியது, அந்த முதல் காணிக்கையில் அலாஸ்காவின் ஆன்விக் என்னும் ஊரில் ஆலயம் எழும்ப உதவினார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் நம்மூர்ச் சபைப் பெண்களின் கைப்பிடி அரிசிக் காணிக்கையோடு உடன்பிறந்தது இது. இரண்டிலும் சேர்வது சிறுகச் சிறுக, எண்ணாமலே.

நான்காம் நாள் – பிப்ரவரி 12, திங்கள்

மாலையில் ஒரு காசுபோட்டுத் துவைக்கும் கடை. கலிஃபோர்னியாவின் வென்ச்சுராவில் தொடங்கிய ஏற்பாடு, பல எபிஸ்கோப்பல் சபைகள் எடுத்து நடத்துகின்றன: மாதம் ஒருநாள், வருகிறவர்களின் துணிக்குச் சபை காசு போடும். கடைக்காரரிடம் கூட்டம் குறைந்த வாரநாள் மாலையைக் கேட்டுப் பெற வேண்டும். துவைத்து உலர்த்த ஒரு சுமைக்கு ஏழு டாலர் என்று வைத்தால், முப்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு சுமை, 420 டாலர். ஆளுக்கு இரண்டு என்ற வரம்பை முதல் நாளே சொல்லாவிட்டால் முதலில் வந்த நான்கு பேரோடு காசு தீரும். உலர்த்த முக்கால் மணி ஆகும் என்பதால் கடை மூடுவதற்கு ஒன்றரை மணி முன்பே கடைசிச் சுமை உள்ளே போய்விட வேண்டும். வாசனையில்லாத சோப்புத்தூள் வாங்குங்கள், தோல் அரிப்புள்ள பிள்ளைகள் அதிகம். சுற்றும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மக்கள் பேசுகிறார்கள். பண்டக வரிசையில் அந்த அவகாசம் கிடைக்காது.

ஐந்தாம் நாள் – பிப்ரவரி 13, செவ்வாய். ஃபிலடெல்ஃபியா

காலையில் பனி. டிரென்டனில் ரயில் மாறி ஃபிலடெல்ஃபியா. இன்று அப்சலோம் ஜோன்ஸின் நினைவுநாள். திருச்சபை நாட்காட்டியிலேயே உள்ளது.

1746இல் டெலவேரில் அடிமையாகப் பிறந்தவர். முதலில் மனைவியின் விடுதலைக்குப் பணம் சேர்த்தார். பிறகு 1784இல் தானும் விடுதலை பெற்றார். 1787இல் ரிச்சர்ட் ஆலனோடு சேர்ந்து சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தை நிறுவினார். அதன் விதி இன்றும் படிக்கத் தக்கது: மாதம் ஒரு ஷில்லிங் வெள்ளிச் சந்தா, ஓராண்டு கட்டிய பிறகு தேவைப்படும் உறுப்பினருக்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ். 1793இல் மஞ்சள் காய்ச்சல் நகரைச் சூறையாடியபோது வசதியானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பர்களுக்கு இந்நோய் தொற்றாது என்று மருத்துவர்கள் தவறாக நம்பினார்கள். அந்தச் சங்கத்தார் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள், பிணங்களை எடுத்தார்கள், அவர்களும் செத்தார்கள். பிறகு, கூலிக்காக அதிகம் பிடுங்கினார்கள் என்று அவர்கள்மீதே பழி வந்தது. ஜோன்ஸும் ஆலனும் 1794இல் அச்சில் பதில் கொடுத்தார்கள். அதில் கண்ணீர் வாதத்தோடு வரவு செலவும் இருக்கிறது: சவப்பெட்டிக்கு எவ்வளவு, ஆள்கூலி எவ்வளவு, கைக்காசு எவ்வளவு போயிற்று. தொண்டு செய்கிறவன் கணக்கு எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஏழை செய்யும் தொண்டைத்தான் உலகம் முதலில் சந்தேகிக்கும்.

அதே 1794 ஜூலை 17இல் செயின்ட் தாமஸ் ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் ஆலயம் திறந்தது. 1795இல் ஜோன்ஸ் டீக்கனாக அபிஷேகம் பெற்றார். பின்னர் இத்திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானார். சபை இன்று நகரின் மேற்கே ஓவர்ப்ரூக்கில் இருக்கிறது.

மாலையில் புறநகர்ச் சபை ஒன்றில் பான்கேக் விருந்து. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து நாளை தொடங்குவதால் வீட்டிலுள்ள முட்டை, வெண்ணெய், பாலைத் தீர்க்கும் பழைய வழக்கம். ஊர் முழுக்க அழைப்பு, கட்டணம் இல்லை, உண்டியல் மட்டும். எண்பது பேர், தலைக்கு மூன்று, ஆக 240. மாவு நான்கு கிலோ, பால் ஏழு லிட்டர், முட்டை 30, உருக்கிய வெண்ணெய் 850 கிராம், பேக்கிங் பவுடர் 275 கிராம். உலர்ந்ததையும் ஈரமானதையும் தனித்தனியே அளந்து வைத்து, கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். நான்கு மணிக்கே மொத்தத்தையும் கலக்கி வைத்தால் ஆறு மணிக்குக் காற்றெல்லாம் போய் ரப்பர் தட்டாகிவிடும். கட்டி தெரிகிறதே என்று அடித்துக் கலக்கினாலும் அதே கதி.

ஆனால் இந்த விருந்து கெடுவது பெரும்பாலும் மாவால் அன்று, மின்சாரத்தால். பான்கேக் சுடும் மின் தோசைக்கல் ஒன்று 1,500 வாட். 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். பழைய மண்டபத்தில் ஒரு சுற்று 15 அல்லது 20 ஆம்பியர்தான். இரண்டு கல்லையும் ஒரே சுவரில் செருகினாலோ, காபிப் பானை ஏற்கெனவே ஓடும் சுவரில் ஒன்றைச் செருகினாலோ பட்டென்று அணைந்துவிடும். எந்தச் செருகுதுளை எந்தச் சுற்று என்று பகலிலேயே விளக்கு வைத்துப் பார்த்து, சுவரில் நிறநாடா ஒட்டிவைக்க வேண்டும். கல்லுக்கு எட்டு, நான்கு நிமிடத்துக்கு ஒரு ஈடு, இரண்டு கல் ஓடினால் 240ஐ ஒரு மணியில் முடிக்கலாம்.

ஆறாம் நாள் – பிப்ரவரி 14, புதன். மீண்டும் நியூ ஜெர்சி

சாம்பல் புதன். லெந்தின் முதல் நாளான இன்று நெற்றியில் சாம்பல் இடுவார்கள். போன ஆண்டுக் குருத்தோலைகளைச் சபையார் திருப்பிக் கொண்டுவந்ததை எரித்துச் சாம்பல் எடுப்பார்கள். வெளியே ஒரு பழைய காபி டின்னில் எரிக்க வேண்டும். உள்ளே எரித்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். தேநீர் வடிகட்டியில் சலித்தால் நார் நின்றுவிடும். ஒரு மேசைக்கரண்டி நூறு பேருக்குத் தாராளம். எந்த நிலையிலும் தண்ணீர் விட்டுக் குழைக்கக் கூடாது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரமாகி நெற்றித் தோலைப் புண்ணாக்கும். உலர்ந்தபடியே இடலாம், அல்லது ஒரு சொட்டு ஒலிவ எண்ணெய்.

சில குருக்கள் அதிகாலையில் ரயில் நிலையத்துக்கே சாம்பலோடு போய் நிற்கிறார்கள். இது முறைதானா என்ற வாதம் திருச்சபைக்குள் உண்டு. இரவு வேலை முடிந்து திரும்பும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளருக்கு மதிய ஆராதனையும் கிடைக்காது, மாலை ஆராதனையும் கிடைக்காது. அவரை நினைத்தால் நிற்பதே சரி என்று தோன்றுகிறது.

மாலை ஆராதனை முடிந்து மண்டபத்தில் நாற்காலி மடிக்கும் சத்தம். உணவு வங்கிக்கு இன்றிரவுக்குள் ஆர்டர் போனால்தான் வெள்ளிக்கிழமை லாரி வரும். நெற்றியில் சாம்பலோடு இருவர் சேமிப்பறையில் எண்ணுகிறார்கள். கடலை வெண்ணெய் நான்கு பெட்டி, டூனா ஆறு, கறுப்பு பீன்ஸ் ஐந்து, பழ டின் வேண்டாம். டயப்பர் உணவு வங்கியில் இல்லை. அதை ஞாயிறு அறிவிப்புத் தாளில் போட வேண்டும். ஒருவர் எழுதினார்: “டயப்பர், 6ஆம் அளவு.” மற்றவர் பேனாவை வாங்கி அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: “தயவுசெய்து வேறு அளவு வேண்டாம்.”